எண்பத்துநாலாவது குண்டூசி

இழுக்காதே என்று தனக்கே சொல்லிக்கொண்டாள் ரேணுகாதேவி. இந்தத் துணிக்கு அந்த ஒரே சட்டம்தான், இழுக்கக் கூடாது. இழுத்தால் வராமல் இருக்காது. வரும், எவ்வளவு இழுத்தாலும் சரி சரி என்று கூடவே வரும், கல்யாண வீட்டில் எந்த வேலை சொன்னாலும் தலையாட்டுகிற தூரத்துச் சொந்தம் மாதிரி. தைத்து முடித்து, துணியை அழுத்திப் பிடிக்கிற மெஷின் காலைத் தூக்கிய பிறகுதான் அதன் குணம் தெரியும். இழுபட்டதெல்லாம் மெதுவாகத் தன் பழைய இடத்துக்குத் திரும்பிப் போகும், தையல் மட்டும் போட்ட இடத்திலேயே நிற்கும், நடுவில் மாட்டிக்கொண்ட மேல்துணி தண்ணீரில் ஊறிய விரல்நுனியைப் போலச் சுருங்கிக் கிடக்கும். கார்த்திகையில் தைத்த முதல் போர்வை அப்படித்தான் ஆயிற்று. இரண்டு நாள் உட்கார்ந்து பிரித்தாள். ஒவ்வொரு தையலுக்கும் ஒருவரைத் திட்டினாள்; தன் பக்கத்துச் சொந்தம், அவர் பக்கத்துச் சொந்தம் எல்லாரும் தீர்ந்துபோய்க் கடைசி முழத்துக்கு மந்திரிசபை வரைக்கும் போக வேண்டியதாயிற்று. இது இரண்டாவது. மேலே கட்டம் போட்ட சட்டைத் துணியை வெட்டிச் சேர்த்த பருத்தி, நடுவில் மெல்லிய பஞ்சு விரிப்பு, அடியில் இந்தச் சாம்பல் நிறத் துணி. கடைக்காரர் அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் சொன்னார். அவள் பூனைத்துணி என்று வைத்துக்கொண்டாள். ஒரு பக்கமாகத் தடவினால் படிந்து கொடுத்தது, எதிர்ப்பக்கமாகத் தடவினால் சிலிர்த்துக்கொண்டது. மூன்றையும் சேர்த்து நேர்கோடு நேர்கோடாக மெஷினில் ஓட்ட வேண்டும், நான்கு விரல் அகலத்துக்கு ஒரு கோடு, பெரிய தையல், மெதுவாக. மெதுவாக! ஐம்பத்து மூன்று வருஷத்தில் எதையாவது மெதுவாகச் செய்திருக்கிறாளா அவள்? பிறந்ததே எட்டாம் மாசத்தில் என்று அம்மா சொல்வாள், இவளுக்கு உள்ளே இருக்கப் பொறுக்கவில்லை என்று. உள்ளங்கை இரண்டையும் துணிமேல் பரப்பி வைத்து, அழுத்தாமல், இழுக்காமல், வெறுமனே கூடவே போனாள். மெஷின் தன் பாட்டுக்குப் போயிற்று. ஜன்னலில் மூன்று மணி வெயில் இருந்தது, தை மாசத்து வெயில், சூடு இல்லாமல் வெளிச்சம் மட்டும். துணி வெட்டியபோது கிளம்பிய சாம்பல் பஞ்சுத்தூள் இன்னும் அந்த வெளிச்சத்தில் மிதந்துகொண்டிருந்தது, கீழே விழுவதற்கு எந்த அவசரமும் இல்லாமல். அந்தத் தூளில் அவளுக்கு மூன்று தும்மலுக்கு ஒரு கோடுதான் ஓடிற்று.

போர்வையின் கனம் மேசையிலிருந்து கீழே தொங்கக் கூடாது, தொங்கினால் அதுவும் ஓர் இழுப்புதான். அதனால்தான் மெஷின் மேசையைக் கொண்டுவந்து கட்டிலை ஒட்டிப் போட்டிருந்தாள். மேசையில் அடங்காத போர்வையெல்லாம் கட்டிலில் படுத்திருந்த நாச்சிமுத்துவின் மேல் வழிந்து கிடந்தது. அவரே சொன்னதுதான். "என்ற மேல போட்டுக்கோ புள்ள. சும்மாதான கெடக்கறேன். மேசைக்கு மேசையும் ஆச்சு, போத்துன மாதிரியும் ஆச்சு." சொல்லிவிட்டுச் சிரித்தார், வாயின் வலது பக்கம் முதலில், இடது பக்கம் கொஞ்சம் யோசித்த பிறகு. இப்போது தூங்குகிறார். இடது கை போர்வைக்கு அடியில் எங்கேயோ கிடக்கிறது. அந்தப் பக்கம் முழுவதும் எப்போதும் சில்லென்று இருக்கும், தோள், முழங்கை, விரல் எல்லாமே, அவருக்கல்ல, தொடுகிறவளுக்கு. கால் நடக்கப் பழகிவிட்டது. கோலூன்றிக் கக்கூசுக்குப் போய்விட்டு வந்து, "போயிட்டு வந்துட்டேன்" என்று பள்ளிக்கூடப் பையனாட்டம் சொல்கிறார். தோளைத் தூக்குகிறார், முழங்கையைக் கொஞ்சம் மடக்குகிறார். உணர்ச்சிதான் இல்லை. மணிக்கட்டுக்குக் கீழே அது வேறு யாரோ வைத்துவிட்டுப் போன பொருள். போன மாசம் இட்லிப் பானை மூடிமேல் கையை ஊன்றிக்கொண்டு அவளிடம் காப்பி கேட்டார். அவள்தான் பார்த்துக் கத்தினாள். கொப்புளம் ஆற மூன்று வாரம். "பாக்கலை புள்ள, மன்னிச்சுக்க" என்றார். மன்னிச்சுக்க! அவர் கை, அவர் தோல், இவளிடம் மன்னிப்பு.

இடது கைக்காரர் அவர். அந்தக் கைதான் சோறு போட்ட கை. பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் இருபத்தாறு வருஷம் தரம் பார்க்கிற வேலை. துணியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு தேய்ப்பு, அவ்வளவுதான், துணியின் எடை "நூத்தி எம்பது கிராம்" என்பார், எடை மெஷினில் போட்டால் நூற்று எழுபத்தொன்பது காட்டும், "மெஷினச் சரி பண்ணுங்க" என்பார். பெண் பார்க்க வந்தபோது, கான்வென்டில் படித்த பெண், பெரியநாயக்கன்பாளையத்தில் இங்கிலீஷ் நாவல் வாசிக்கிற ஒரே பெண் என்றெல்லாம் அப்பா சொல்லிக்கொண்டிருக்க, இவர் காதில் எதுவும் விழாமல் சோபா உறையின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும். எதையும் தேய்ப்பார். திரைச்சீலை, தலையணை உறை, பஸ்ஸில் முன்சீட்டுக்காரரின் சட்டைக் காலர், கோயிலில் சாமிக்குச் சாத்திய பட்டு கைக்கெட்டினால் அதையும். மகள் தீபிகா பிறந்து ஆஸ்பத்திரித் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தபோது முதலில் துண்டைத் தேய்த்தார், அப்புறம்தான் குழந்தை. ரேணுகாவுக்கு உடம்பெல்லாம் எரியும். மனுஷன் அவள்மேலே கை வைத்தாலும் தேய்த்துத்தான் பார்ப்பார், என்ன தரம் என்று. இப்போது நினைத்தால் அந்தத் தேய்ப்பு எப்படி இருக்கும் என்றே மறந்துவிட்டது, இடது கழுத்தோரத்தில் ஒரு கட்டைவிரல், லேசாகச் சொரசொரப்பாக, இல்லை, மறக்கவில்லை, அதோ, அங்கேதான் இருக்கிறது, மெஷின் ஓடுகிற அதிர்வு முழங்கை வழியாக ஏறித் தோளுக்கு வரும்போது அங்கேதான் வந்து நிற்கிறது. கோடு கோணலாகிறது. கவனி. உள்ளங்கையைப் பரப்பு. கூடவே போ.

அந்தப் புடவைதான் காரணம். இல்லை, புடவை என்ன செய்யும், வாய்தான். தங்கை வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்குக் கட்டிக்கொண்டு போன மயில் கழுத்து நிறப் பட்டு. தங்கையும் தங்கை மாமியாரும் தொட்டுத் தொட்டு நல்லாயிருக்கு நல்லாயிருக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தபோது இவர் வந்து முந்தானையை எடுத்து இரண்டு விரலில் வைத்து ஒரு தேய்ப்பு. "பட்டுன்னா சொன்னான்? பாதிக்கு மேல பாலியஸ்டர் புள்ள." எல்லார் எதிரிலும். தங்கை மாமியார் மூக்கை மூடிக்கொண்டு சிரித்தாள், அந்தம்மாவுக்குச் சிரிக்கக்கூட மூக்குதான். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும் முன்பே ரேணுகா சொன்னாள், அவர் முகத்தைப் பார்த்து, ஒவ்வோர் எழுத்தும் விழும்படியாக: "எதைக் கண்டாலும் நோண்டிப் பாக்கற அந்தக் கை வெளங்காமப் போக!" சொல்கிற வார்த்தைதானே. ஊரில் எந்தப் பெண்பிள்ளை சொல்லவில்லை? தட்டை உடைத்த பிள்ளையிடம் சொல்வது, பூவைப் பறித்துக்கொண்டு போனவனிடம் சொல்வது, அதில் அர்த்தம் யார் வைத்தார்கள்? மூன்றாம் நாள் காலையில் அவர் இடது கையிலிருந்து டம்ளர் நழுவி விழுந்தது. "ஒரு டம்ளரப் புடிக்கத் துப்பில்ல" என்றாள், திரும்பிக்கூடப் பார்க்காமல், தோசைக்கல்லைப் பார்த்துக்கொண்டு. தோசையைத் திருப்பிப் போட்ட பிறகுதான் பார்த்தாள். அவர் தரையில் உட்கார்ந்து தன் கையை வலது கையால் எடுத்து மடியில் வைத்து, ஏதோ கடையில் துணி பார்ப்பதைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு மாசம் ஆயிற்று. அவர் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. டாக்டர் ரத்த அழுத்தம் என்றார், மூளையில் சின்ன அடைப்பு என்றார், படம் போட்டுக் காட்டினார். அவளுக்கு எல்லாம் புரிந்தது, அறிவியலில் எப்போதும் முதல் மதிப்பெண் அவளுக்குத்தான். புரிந்து என்ன? பள்ளிக்கூடத்துத் தேவாலயத்தில் மரக்கூண்டு ஒன்று இருந்தது. கிறிஸ்தவப் பிள்ளைகள் மட்டும் போய் மண்டியிட்டுப் பாவத்தைச் சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு லேசாக வெளியே வருவார்கள். இவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அவர்களுடைய குடைகளைப் பிடித்துக்கொண்டிருப்பாள். நமக்கு அந்தக் கூண்டு இல்லை. நமக்கு அர்ச்சனைத் தட்டுதான். ராசி, நட்சத்திரம் கேட்பார்கள், என்ன சொன்னாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

அதைவிடக் கொடுமை, மனுஷன் நல்லவராகிவிட்டார். எதிலும் குற்றம் சொல்வதில்லை. உப்பில்லாத ரசத்தைக் குடித்துவிட்டு "அருமை" என்கிறார். சந்தையிலிருந்து தாளைப் போன்ற துண்டு ஒன்றை வேண்டுமென்றே வாங்கி வந்து தோளில் போட்டாள். "சொகமா இருக்குது" என்றார். இருபத்தெட்டு வருஷம் எதைச் செய்தாலும் ஒரு நொட்டை சொன்ன மனுஷன் எங்கே போனார், யாரைக் கேட்பது, எந்த ஆஸ்பத்திரியில் தொலைந்தார்? உடற்பயிற்சி சொல்லித்தர வருகிற பெண் பிரின்சி வாரத்துக்கு மூன்று நாள் ஒரு பையோடு வருவாள், பைக்குள் பஞ்சு, சாக்குத் துண்டு, கரண்டி, உப்புத்தாள். அவர் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், அவள் ஒவ்வொன்றாக இடது உள்ளங்கையில் வைத்துத் தேய்ப்பாள். "இது என்ன சார்?" "பஞ்சு." "இது?" "சாக்கு." "இது?" "கரண்டி." "சார் சூப்பரா முன்னேறிட்டாரு ஆன்ட்டி!" அந்தப் பெண் போன பிறகுதான் ரேணுகாவுக்கு உறைத்தது: எப்போதும் பஞ்சு, சாக்கு, கரண்டி, உப்புத்தாள், அதே வரிசை. வாய்ப்பாடு ஒப்பிக்கிறார். முந்தாநாள் அவளே உட்கார்ந்தாள். "கண்ண மூடுங்க. இப்பத் தொடறேன், என்னன்னு சொல்லுங்க." தொடவில்லை. அவர் உள்ளங்கைக்கு ஒரு விரல்கடை மேலே தன் கையைச் சும்மா நிறுத்தினாள். கண்ணை நல்ல பிள்ளையாக இறுக மூடிக்கொண்டு, புருவத்தைச் சுருக்கி, தேடுகிறவரைப் போலக் கொஞ்சநேரம் இருந்துவிட்டு அவர் சொன்னார்: "மெத்துன்னு இருக்குது. பூனைத்துணிதான?" முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. "ஆமாங்க" என்றாள். சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். எனக்காகப் பொய் சொல்கிறார். நான் சொன்னது பலிக்கவில்லை என்று காட்டுவதற்காக, என்னைக் காப்பாற்றுவதற்காக, ஒன்றுமில்லாத இடத்தில் மெத்தென்று இருக்கிறது என்கிறார். அதற்குப் பதிலாக ஓர் அறை விட்டிருக்கலாம்.

கடைசிக் கோடும் முடிந்தது. நூலை வெட்டினாள், மெஷினின் காலைத் தூக்கினாள், மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். துணி சுருங்கவில்லை. விட்ட இடத்தில் அப்படியே கிடந்தது. அட! தனக்குத்தானே ஒருமுறை தலையாட்டிக்கொண்டாள். பிறகு கை தானாக எவர்சில்வர் கிண்ணத்தை எடுத்தது, தைத்துக்கொண்டே போகும்போது உருவிப் போட்ட குண்டூசிகள். கண்ணாடித் தலை, நிறம் நிறமாக. இந்தத் துணி வழுக்குகிற சனியன் என்பதால் சாதாரணத் துணிக்குக் குத்துவதைப்போல இரண்டு பங்கு குத்த வேண்டும். காலையில் எண்ணிக் குத்தியிருந்தாள், எண்பத்து நான்கு என்று நாட்காட்டித் தாளின் மூலையில் எழுதியும் வைத்திருந்தாள். கான்வென்டில் தையல் வகுப்பு எடுத்த சிஸ்டர் பெர்னதெத் போட்ட பழக்கம்: வகுப்பு ஆரம்பிக்கும்போது ஆளுக்குப் பன்னிரண்டு ஊசி, முடியும்போது பன்னிரண்டும் திரும்பி வரவேண்டும், ஒன்று குறைந்தாலும் நாற்பது பிள்ளைகளும் முட்டி போட்டுத் தரையைத் துழாவ வேண்டும். வாய்த்த புருஷனும் அதே மதம். கம்பெனியில் தையல் மெஷினில் ஓர் ஊசி உடைந்தால் அந்த வரிசையே நிற்கும்; உடைந்த துண்டெல்லாம் கிடைத்து ஒன்றாகப் பொருத்திக் காட்டும்வரை ஒரு பீஸ் நகராது. "கொழந்தைக போடற துணி புள்ள. ஒரு முனை உள்ள போச்சுன்னா என்ன ஆகும்?" ஒருதரம் ஊசிமுனை கிடைக்காமல் நாலாயிரம் சட்டையை, ஒரு லாட் முழுவதையும், ஒதுக்கிவிட்டு வந்து, முதலாளி திட்டியதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு இரண்டு தட்டு சோறு சாப்பிட்டார். எண்பது, எண்பத்தொன்று, எண்பத்திரண்டு, எண்பத்து மூன்று. கிண்ணம் காலி. கவிழ்த்தாள். மறுபடி எண்ணினாள், இந்த முறை நிறம் நிறமாகப் பிரித்து வைத்து. சிவப்பு, மஞ்சள், வெள்ளை, பச்சை, நீலம். எண்பத்து மூன்று.

சரி, நாற்பது பேர் வேலையை ஒருத்தி செய்ய வேண்டும். பீரோமேல் அவர் வைத்திருக்கும் வட்டக் காந்தத்தை எடுத்துக்கொண்டு வந்தாள், அதுவும் கம்பெனிச் சீதனம்தான், தரையெல்லாம் மெதுவாக ஓட்டினாள். ஒரு கொண்டை ஊசி, ஒரு பழைய ஊக்கு, எப்போதோ தொலைந்த கொலுசுத் திருகு. மேல்துணியைத் தடவினாள். பிறகு ஓரத்தைத் தூக்கிப் பூனைத்துணிப் பக்கத்தைத் தடவினாள், படிகிற திசையில், பிறகு எதிர்த்திசையில், உள்ளங்கையால், மணிக்கட்டால், கண்ணை மூடிக்கொண்டு. என்ன சுகம் இது! ஒரு நிமிஷம் எதைத் தேடுகிறோம் என்பதே மறந்துபோயிற்று. சின்ன வயசில் காய்ச்சலில் படுத்திருந்தபோது யாரோ தலையைத் தடவுவார்கள், யார் என்று கண் திறந்து பார்த்தால் தடவுவது நின்றுவிடும், அதனால் திறக்காமலே கிடப்பாள். அவருடைய கை இப்போது அப்படித்தான் கிடக்கிறதோ, கண்ணைத் திறக்காமல்? பக்கத்து வீதியில் பனியன் துணி பின்னுகிற நிட்டிங் மெஷின் ஒன்று சுற்றிக்கொண்டே இருந்தது, உறங்குகிறவனின் மூச்சைப்போல ஒரே சீராக, அதற்குமேல் அவருடைய மூச்சு, அதற்கும் மேலே பஞ்சுத்தூள். கட்டத்துக்குக் கட்டம் கை நகர்ந்தது. இல்லை. இங்கேயும் இல்லை. காந்தமும் சொல்லவில்லை, கையும் சொல்லவில்லை. அவர் மார்புமேல் கிடந்த பகுதியைத் தடவும்போதுதான் நினைவு வந்தது. மேலே குத்தியது எண்பத்து மூன்றுதான். எண்பத்து நான்காவதைக் குத்தியது அடிப்பக்கத்தில். காலையில் பூனைத்துணியை முதலில் விரித்தபோது அதன் முடி எந்தப் பக்கம் படிகிறது, தலைமாடு எது, கால்மாடு எது என்று குழம்பக் கூடாதென்று தலைமாட்டு மூலையில் அடையாளத்துக்கு ஒன்று குத்தினாள். நீலம். குத்திவிட்டுத் திருப்பிப் போட்டுவிட்டாள். தலைமாட்டு மூலை இப்போது எங்கே? கடைசிக் கோட்டுக்காகப் போர்வையைச் சுற்றித் திருப்பினாளே, அப்போது அது நகர்ந்து, அவர் இடுப்புக்குப் பக்கத்தில், இடது கைமேல்.

எடுத்துவிட வேண்டியதுதான். போர்வையைத் தூக்கு, பார், எடு, முடிந்தது. கை நீண்டது. நின்றது. தூக்கினால் தெரிந்துவிடும். ஊசி அந்தக் கையில் குத்திக்கொண்டு நிற்க, மேலே இவர் இப்படி வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு நிம்மதியாகத் தூங்க, அதைப் பார்த்துவிட்டால் அதற்கப்புறம் ஒன்றும் மிச்சமில்லை. மெத்தென்று இருக்கிறது என்ற பொய்கூட மிச்சமில்லை. குத்தாமலும் இருக்கலாம். பக்கத்தில் படுத்திருக்கலாம் ஊசி, அதுபாட்டுக்கு. அப்படியானால் ஏன் தூக்கவில்லை நீ? வேண்டுமென்றே விட்டாயா? இல்லை. எனக்கு நினைவில்லை. காலையில் திருப்பிப் போடும்போது, இரண்டு கையாலும் மூலையைப் பிடித்துத்தானே திருப்பினாய், விரலில் படவில்லையா? பட்டதோ? சிஸ்டர் பெர்னதெத் மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்ப்பார்: மனசைத் துருவிப் பார், ரேணுகாதேவி. துருவினேன் சிஸ்டர், பஞ்சுதான் வருகிறது. முதல் மாசம் பெரிய டாக்டர் ஊசியால் குத்திப் பார்த்தபோது ஒவ்வொரு குத்தையும் எண்ணிக்கொண்டு நின்றவள்தான் இவள். அப்போதும் அவர் முகம் அசையவில்லை. மனசுக்குள் யாரோ ஒருத்தி அதற்கப்புறம் எத்தனை தடவை ஊசியை எடுத்திருக்கிறாள், அவர் தூங்கும்போது, ஒரே ஒரு தடவை, மெல்ல, பார்த்துவிடலாமே என்று? எடுத்து, வைத்து, எடுத்து, வைத்து. வாயால் ஒரு தடவை, ஊசியால் ஒரு தடவையா?

போன் அடித்தது. எடுத்து ஜன்னலோரம் போனாள். பெங்களூரிலிருந்து தீபிகா. "அம்மா, குயில்ட் முடிஞ்சுதா? சுருங்குச்சா?" "சுருங்கலை. உங்கொப்பன் மேலதான் விரிச்சுக் கெடக்குது." "சூப்பர்! ஃபோட்டோ அனுப்பு." "அனுப்பறேன். ஒரு குண்டூசி காணோம் கண்ணு." தீபிகா அந்தப் பக்கம் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஐயையோ, அப்பாகிட்டச் சொல்லிராத. மொத்த லாட்டும் ரிஜெக்ட்டும்பாரு! ஞாபகம் இருக்கா, என் ஸ்கூல் டிராமா டிரெஸ்ல ஊக்கு இருந்துச்சுன்னு பதினெட்டுப் பிள்ளைங்க டிரெஸ்ஸையும் கழட்டச் சொல்லி..." சிரிப்பு பாதியில் நின்றது. இரண்டு பேரும் ஒரே இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். "இப்பல்லாம் அவர் எதையும் ரிஜெக்ட் பண்றதில்ல கண்ணு" என்றாள் ரேணுகா. "ம்" என்றாள் தீபிகா. "நீ சாப்பிட்டியாம்மா?" "மணி நாலாகப் போகுது, இப்பக் கேக்கற. வை போனை." வைத்துவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எதிர் மாடியில் சாயம் தோய்த்த நூல் காய்ந்தது. தூக்கிப் பார்த்துவிடு. இதென்ன, கோழை மாதிரி. இருபத்தெட்டு வருஷம் வாயைத் திறக்க எப்போதாவது பயந்திருக்கிறாயா? போய்த் தூக்கு. தூக்கியதும் என்ன இருந்தாலும், இருந்தது இருந்தபடி இருக்கட்டும், இழுக்க வேண்டாம், கூடவே போ. திரும்பினாள். நான்கு எட்டு. மூன்று. பஞ்சுத்தூள் அவளுக்கு வழி விட்டது.

"ஸ்ஸ்ஸ்! யார்ரா அது?"

கட்டிலில் போர்வை ஓர் அலையாகப் புரண்டது. நாச்சிமுத்து தோளைத் தூக்கி முழங்கையை வெடுக்கென்று இழுத்தார். கண் இன்னும் சரியாகத் திறக்கவில்லை, தூக்கத்தில் சிவந்த முகத்தில் பழைய ஆளின் சுளிப்பு. "என்னமோ குத்துது புள்ள! என்னத்தத் தெச்சு வெச்சிருக்கற?"

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். "எங்கீங்க?"

"எங்கீங்களா? கையிலதான்! இதென்ன கேள்வி?"

"எந்தக் கையிலீங்க?"

"ஏன், எனக்கு எத்தனை..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். வலது கை தலைமாட்டில், தலையணைக்கு மேலே, எல்லாரும் பார்க்கும்படி கிடந்தது. அதைப் பார்த்தார். போர்வையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். நிட்டிங் மெஷின் சுற்றிக்கொண்டே இருந்தது. "இந்த... இதுல" என்றார், போர்வைக்கு உள்ளே இருந்ததைத் தாடையால் காட்டி. "சுண்டுவிரலுக்குப் பக்கத்து விரலு. சுருக்குன்னு. இப்பவும் இருக்குது."

"பாக்காதீங்க. வேற எங்கியாச்சும் குத்துதா? பெருவிரல்ல?"

"இல்ல. பெருவிரல்ல ஒண்ணும் தெரியல." பொய் சொல்லாத முகம். அவள் இந்த எட்டு மாசத்தில் கேட்ட முதல் 'தெரியல', அவ்வளவு அழகான சொல்லாக இருந்தது அது. போர்வையின் மூலையைத் திருப்பினாள். சாம்பல் பூனைமுடிக்குள் ஒரு நீலக் கண், அதன் முனை மோதிர விரலின் ஓரத்தில், முனையில் கடுகளவு ரத்தம். மெல்ல உருவினாள். அவர் மறுபடி "ஸ்ஸ்" என்றார்.

"அடியில ஊசியா?" நாச்சிமுத்துவுக்கு இப்போதுதான் முழுசாகத் தூக்கம் தெளிந்தது. "ஃபினிஷ் பண்ண சரக்குல ஊசியா? எண்ணிப் பாக்க மாட்டியா நீயி? கான்வென்டுல அதத்தான சொல்லிக் குடுத்தாங்க, பீத்திக்குவயே! கொழந்தை கிழந்தை படுத்திருந்தா என்ன ஆகியிருக்கும்? இதெல்லாம் பாஸ் பண்ண முடியாது. ரிஜெக்ட்டு. பூரா லாட்டும் ரிஜெக்ட்டு, சொல்லிப்புட்டேன்!" கத்திக்கொண்டே போனவருக்கு இடையில் குரல் உடைந்தது. உடைந்தாலும் நிறுத்தவில்லை. "தையலப் பாரு, மூலையில கோணல். யார் பாத்தா இத?"

"லாட்டே ஒரே பீஸ்தானுங்க" என்றாள் ரேணுகாதேவி. "வேணும்னா கம்பெனியில எழுதிக் குடுங்க. கூடவே இந்த விரலையும் எழுதுங்க, மோதிர விரல், தை மாசம், மணி நாலுன்னு." விரலைத் தன் முந்தானை நுனியால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள், இழுக்காமல், தேய்க்காமல், வெறுமனே. மறு கையால் நீலக் குண்டூசியைக் கிண்ணத்தில் போட்டாள். அது மற்றவற்றோடு சேர்ந்து கிணுங் என்றது.

"எம்பத்து நாலு" என்றாள்.

"மறுக்கா எண்ணு" என்றார் அவர்.